தாளா, மஸ்லினா?

கேள்வி: குவில்ட் போர்வைக்கு ஒட்டுத்துணிகளை அடித்தளம் வைத்துத் தைக்க எது நல்லது: தாளா, மஸ்லினா?

பதில்: மெஷினில் தைப்பவர்களுக்குத் தாள்தான். அதிலும் அச்சிடாத நியூஸ்பிரின்ட். ஜெராக்ஸ் தாள் சற்றுக் கெட்டி. தைத்தபின் தாளைக் கிழிக்கும்போது தையலையும் சேர்த்து இழுக்கும். தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டராகக் குறைத்தால் துளைகள் நெருங்கி விழும், தாள் சுலபமாகக் கிழியும். தாளில் வடிவத்தின் கோடு போட்ட பக்கம் மேலே, துணி கீழே என்பதால் வடிவம் இடவலம் மாறி வரும். எழுத்துகளைத் தைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மஸ்லின் துணியைக் கிழித்தெடுக்க வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் 'லாக் கேபின்' என்ற வகைப் போர்வைகள் பல துணி அடித்தளத்தில் தைத்தவையே. வழுக்கும் பட்டுக்கு அது நல்ல பிடிமானம். ஆனால் ஓர் அடுக்கு கூடுவதால் கையால் குவில்டிங் போடுவது சிரமம்.

கைத்தையலுக்கான இங்கிலாந்து முறை வேறு: கெட்டித் தாள்மேல் துணியை மடித்து, ஓரங்களை இணைப்பார்கள். 1718-ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரிட்டிஷ் பட்டுப் போர்வை ஒன்றில் அந்தத் தாள்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. இப்போதெல்லாம் உருவியெடுத்து அடுத்த துண்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள்.