எத்தனை வீடு பார்த்தால் போதும்?

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்று நம் முன்னோர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்தனர். கட்டிய வீட்டை வாங்குவோருக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். வீட்டுக்கடன் பிரிவில் நம்முன் வந்தமரும் வாடிக்கையாளர்கள், வட்டி விகிதத்துக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "இன்னும் எத்தனை வீடு பார்க்கலாம், சார்?" என்பதே.

இக்கேள்விக்கு நேர்மாறான விடைகளைக் கண்ட இரு குடும்பங்களை நாம் அறிவோம். இரண்டும் மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள். பழைய வீட்டில் இடம் போதாமல் தெற்கே இடக்கொச்சியில் வீடு தேடியவை. முதற் குடும்பத்தார் ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில் ஒரேயொரு வீட்டைப் பார்த்து, மறுநாளே முன்பணம் கொடுத்துவிட்டனர். டிசம்பரில் அவ்வீட்டு முற்றத்தில் உப்புநீர் நின்றது. இரண்டாம் குடும்பத்தார் ஈராண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளைப் பார்த்தனர். ஆறாவதாகப் பார்த்ததே எல்லாவற்றிலும் சிறந்தது என்று அவர்கள் தெளிந்தபோது, அது வேறொருவர் பெயரில் பதிவாகி ஓராண்டு கடந்திருந்தது. அவசரத்துக்கு ஒருவரும் தயக்கத்துக்கு மற்றவரும் விலை கொடுத்தனர். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நியாயமான அளவு உண்டா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் கணக்கு, பிறகு வீடு

எந்த வீட்டைப் பார்க்கலாம் என்பதை முதலில் நம் கையிருப்பே தீர்மானிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரையிலும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடன் 80 விழுக்காடு வரையிலும், அதற்கு மேற்பட்ட கடன் 75 விழுக்காடு வரையிலும் வழங்கப்படலாம். முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இம்மதிப்பில் சேரா. கேரளத்தில் அவை முறையே 8 விழுக்காடும் 2 விழுக்காடும் ஆகும்.

60 லட்சம் ரூபாய் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடன் 48 லட்சம். சொந்தப் பங்கு 12 லட்சம். முத்திரை, பதிவுச் செலவு 6 லட்சம். ஆக, கையில் 18 லட்சம் இருக்க வேண்டும். அதாவது வீட்டு விலையில் பத்தில் மூன்று பங்கு. உங்கள் சேமிப்பு 15 லட்சம் என்றால், 50 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் உங்கள் பட்டியலுக்கு உரியவை அல்ல. மாதத் தவணையையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்: 48 லட்சம் கடனுக்கு, ஆண்டு வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டுகள் எனக் கொண்டால், தவணை சுமார் 41,650 ரூபாய். இக்கோட்டுக்கு மேலுள்ள வீடுகளைப் பார்ப்பது ஆசையை வளர்க்கும். பின்னர் நம் சக்திக்கு உட்பட்ட நல்ல வீடும் குறையுள்ளதாகவே தோன்றும்.

37 விழுக்காடு என்னும் விதி

ஒன்றன்பின் ஒன்றாக வருபவற்றுள் சிறந்ததைத் தேர்வது எப்படி என்பதைக் கணித அறிஞர்களும் ஆராய்ந்துள்ளனர். மார்ட்டின் கார்ட்னர் 1960-இல் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் இப்புதிரைப் பலரறியச் செய்தார். அதன் விடை எளியது: மொத்த வாய்ப்புகளில் முதல் 37 விழுக்காட்டை எதையும் தேர்ந்தெடுக்காமல் பார்த்து மட்டும் வைக்க வேண்டும், அதன்பின், அதுவரை கண்ட அனைத்தையும் விஞ்சும் முதல் வாய்ப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். இம்முறையால் மிகச் சிறந்ததே கிட்டும் வாய்ப்பும் ஏறத்தாழ 37 விழுக்காடுதான். இதைவிட மேலான முறை அப்புதிருக்கு இல்லை.

12 வீடுகளைப் பார்க்கத் திட்டமிட்டால், முதல் நான்கும் பாடம் கற்பதற்கு என்று பொருள். சென்ட் நிலம் என்ன விலை, எத்தனை ஆண்டுப் பழைய வீட்டுக்கு எவ்வளவு குறைக்கலாம், காயலோரத்துக்கும் சாலையோரத்துக்கும் என்ன வேறுபாடு என்பன அந்த நான்கில் பிடிபடும். அளவுகோல் கையில் வந்தபின், அதை மிஞ்சும் வீட்டைத் தயங்காமல் பற்றிக்கொள்ளலாம்.

ஆயினும் இப்புதிரில் ஒரு கடுமையான நிபந்தனை உண்டு: விட்டுவிட்டதை மீண்டும் கேட்க முடியாது. வாழ்க்கை எப்போதும் அத்தனை கண்டிப்பானதன்று. வானியல் அறிஞர் கெப்ளர், 1611-இல் முதல் மனைவியை இழந்தபின், பதினோரு பெண்களைப் பரிசீலித்து, இறுதியில் ஐந்தாமவரிடமே திரும்பிச் சென்று 1613-இல் மணந்துகொண்டார். வீடும் சிலவேளை காத்திருக்கும். எனவே பிடித்த வீட்டின் உரிமையாளரோடு தொடர்பை அறுத்துக்கொள்ளாதீர். ஆனால் அது காத்திருக்கும் என்று நம்பி இருந்துவிடவும் வேண்டா.

'மிகச் சிறந்தது' என்ற இலக்கே தேவைதானா என்று கேட்டவர் ஹெர்பர்ட் சைமன். 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அவர், மனிதர் தமக்குப் போதுமான தரத்தை வரையறுத்து, அதை எட்டும் முதல் வாய்ப்பை ஏற்பதே நடைமுறை என்று விளக்கினார். விட்டுக்கொடுக்க முடியாத ஐந்து தேவைகளை ஒரு தாளில் எழுதிக் குடும்பத்தார் அனைவரும் ஒப்புக்கொண்டால், நாற்பது வீடுகள் வரை அலைய நேராது.

ஒரே வீட்டைப் பலமுறை

பல வீடுகளை ஒருமுறை பார்ப்பது அளவுகோலைத் தரும். ஒரு வீட்டைப் பலமுறை பார்ப்பதே அதன் உண்மையைத் தரும். இடக்கொச்சி போன்ற காயலோரப் பகுதியில் இது இன்றியமையாதது. கடலின் ஏற்ற இறக்கம் காயலிலும் தோடுகளிலும் நாள்தோறும் நிகழ்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிகுதியாக ஏறும். மழை ஓய்ந்தபின் வரும் குளிர்கால மாதங்களில், இங்குள்ளோர் 'வேலியேற்றம்' என்றழைக்கும் உப்புநீர் தாழ்வான முற்றங்களுக்குள் புகுந்துவிடும். உப்பேறிய சுவரில் பூச்சு உதிரும், கம்பி துருப்பிடிக்கும்.

ஆகவே மனத்துக்குப் பிடித்த வீட்டை நான்கு வேளைகளில் பார்க்க வேண்டும்: பகல் வெளிச்சத்தில் ஒருமுறை; மழையின்போது ஒருமுறை; அமாவாசை அல்லது பௌர்ணமி நாளில் நீர் ஏறும் நேரத்தில் ஒருமுறை; அலுவலகம் செல்லும் காலை நேரத்தில் ஒருமுறை. டிசம்பர் வரை காத்திருக்க இயலாதெனில், மதிற்சுவரின் அடியில் உப்புக்கோடு உள்ளதா, அண்டை வீட்டார் வாசற்படியை உயர்த்திக் கட்டியுள்ளனரா என்று நோக்குங்கள். குழாய்த் தண்ணீர் எந்நேரம் வருகிறது, முற்றத்தில் எப்போது நீர் ஏறுகிறது என்பவற்றைப் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அயலார் சொல்வர்.

கண்ணுக்குப் புலப்படாதவை

எத்தனை முறை பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத குறைகளும் உண்டு. இடக்கொச்சியிலிருந்து காயலுக்கு அப்பால் உள்ள மரடு அதற்குச் சான்று. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்ட நான்கு அடுக்குமாடித் தொகுதிகளை இடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 300-க்கும் மேற்பட்ட வீடுகள் மண்ணாயின. இடைக்கால இழப்பீடாக உரிமையாளருக்குத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் பணித்தது. அவற்றை வாங்கியோர் கண்மூடித்தனமாக வாங்கியவர் அல்லர். பலர் வங்கிக் கடனும் பெற்றவர்கள். காயலை நோக்கிய அந்த அழகிய பலகணிகளில் எத்தனை முறை நின்று பார்த்திருந்தாலும் அக்குறை தெரிந்திராது.

தமிழர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய சொல் ஒன்றும் உண்டு. நமக்கு 'நிலம்' என்பது எந்த இடத்தையும் குறிக்கும். கேரள வருவாய் ஆவணங்களிலோ 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டத்தக்க மேட்டு இடம் 'புரயிடம்' எனப்படும். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. நில வரி ரசீதில் 'நிலம்' என்றிருந்தால், உரிய மாற்று அனுமதி உள்ளதா என்று அறியாமல் ஒரு ரூபாயும் முன்பணம் கொடுக்கலாகாது.

எனவே இறுதிப் பட்டியலில் எஞ்சும் இரண்டு வீடுகளுக்கு மட்டும், முன்பணத்துக்கு முன்பே ஆவண நகல்களைப் பெறுங்கள்: மூல ஆவணங்கள், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, நடப்பாண்டு நில வரி ரசீது, கைவச உரிமைச் சான்று, கட்டட அனுமதி, குடியேற்றச் சான்று. புதிய அடுக்குமாடி எனில், கேரள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியுள்ளதா என்றும் பாருங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கட்டுநருக்கு உரிமையில்லை.

விடை

தேவைகளை எழுதிக்கொண்டு, கணக்குக்கு உட்பட்ட வீடுகளைப் பத்து முதல் பன்னிரண்டு வரை பாருங்கள். முதல் நான்கில் எதற்கும் வாக்குக் கொடுக்காதீர். எஞ்சும் இரண்டின் ஆவணங்களைச் சரிபார்த்து, அவற்றில் ஒன்றை நான்கு முறை பாருங்கள். மூன்று, நான்கு மாதங்களில் இது முடிந்துவிடும்.

முற்றத்தில் நீர் நின்ற வீட்டின் குடும்பத்தார், தரையை உயர்த்துவதற்காகச் சென்ற மாதம் கூடுதல் கடன் கேட்டு வந்தனர். அவ்வீட்டுக்கு நம் வங்கியின் மதிப்பீட்டாளரும் ஏப்ரலில்தான் சென்று வந்தார் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கடன் திரும்பி வருமா, ஈடு போதுமா என்பதை வங்கி ஆராயும். டிசம்பர் இரவில் வாசலில் தண்ணீர் ஏறுமா என்பதை, அங்கே குடியிருக்கப் போகிறவர்தாம் கேட்டறிய வேண்டும்.