நிமிடத்தையும் எழுது

அன்புள்ள தங்கைக்கு,

வனத்துறை அனுமதி கைக்கு வந்துவிட்டது என்று நீ எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கொடைக்கானலுக்கு மேலே இரண்டு வருடம், மலைச்சோலைப் பறவைகள். எந்த பைனாகுலர் வாங்கலாம், எந்த ரெக்கார்டர் நல்லது என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். அதை உன் வயதுக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். முப்பது வருடம் இதே மலைகளில் நடந்தவள் நான். நடுவில் ஒரு பெரிய தவறும் செய்தேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் உனக்குச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் காது. வெளியே புல்வெளியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் சோலைக்குள் அந்தி மாதிரிதான் இருக்கும். பாசி பிடித்த கிளைகளும் குறிஞ்சிப் புதரும் பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டாது. நீ தேடிப் போகிற சோலைக்கிளி தரையோடு தரையாகத் திரிகிற பறவை. பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் மறைந்துவிடும். முதல் மாதம் பைனாகுலரை அறையிலேயே வைத்துவிட்டுப் போ. ஓரிடம் பார்த்து உட்கார். சிரிப்பான்கள் கூட்டமாகக் கத்தி ஓயட்டும், ஓடைப்பக்கம் சீகாரப் பூங்குருவி சீட்டியடித்து முடிக்கட்டும். அதற்குப் பிறகு அடியில் ஒரு குரல் மிஞ்சும்.

அந்தக் குரலை எனக்குப் பிரித்துக் காட்டியவர் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த, பளியர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர். "அந்தா, கீழ பேசுது பாருங்கம்மா" என்று கைகாட்டி நிறுத்தினார். நான்கு நாளாக அதே பாதையில் நடந்திருந்தேன், ஒரு தடவைகூட அது என் காதில் விழவில்லை. அவருக்கு அது பிறந்ததிலிருந்து பழகிய சத்தம். இப்படிப்பட்டவர்களின் பெயரை ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு நன்றியோடு முடித்துவிடுவது எங்கள் தலைமுறையின் வழக்கம். அதை நீ தொடராதே. உன்னோடு சேர்ந்து எண்ணியவர் என்றால் உன்னோடு சேர்ந்து எழுதியவரும்தான். அதற்காக உன் வழிகாட்டியோடு வாதாட வேண்டி வந்தால் வாதாடு.

என் நோட்டுப் புத்தகங்களில் இந்தப் பறவைக்கு மூன்று பெயர் இருக்கிறது. நான் வேலை தொடங்கியபோது ஷார்ட்விங் என்றார்கள், பிறகு ப்ளூ ராபின் ஆயிற்று. 2017இல் வி. வி. ராபின் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் மரபணுவை ஆராய்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் மட்டுமே உருவாகிப் பிரிந்த தனிப் பேரினம் இது என்று காட்டினார்கள். சோலிகோலா என்று பெயர் வைத்தார்கள், சோலையில் குடியிருப்பது என்று பொருள். நம் வாயில் புழங்கும் சோலை என்ற சொல் உலகப் பறவைப் பட்டியலில் ஏறியதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. (சோலைக்கிளி என்றதும் பச்சைக்கிளியா என்று இங்கே கேட்பார்கள். மலையாளத்தில் சின்னப் பறவை எதையும் கிளி என்பார்கள், அந்த வழியில் வந்த பெயர் அது.) பெயர் இன்னொரு முறையும் மாறலாம். ஆகவே பெயரை மட்டும் எழுதாதே. வயிறு வெள்ளையா, விலாப்பக்கம் செம்மையா சாம்பலா, தரையிலிருந்து எத்தனை அடி, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதினால், பெயர் போனாலும் பறவை தாளில் இருக்கும்.

இந்தப் பேரினத்தில் நீலகிரியில் ஒரு வகைச் சோலைக்கிளி, ஆனைமலை பழனிப் பக்கம் இன்னொன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய், முப்பது நாற்பது கிலோமீட்டர். ஒரு காகம் சாதாரணமாகக் கடந்துவிடும் தூரம். இவை லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கடக்கவில்லை. டேனியல் ஜான்சென் என்ற சூழலியலாளர் 1967இலேயே இப்படிப்பட்ட தடைக்கு ஒரு விளக்கம் சொன்னார். வெப்பமண்டலத்தில் ஒரு மலையின் உயரத்தில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே குளிர்தான். அந்தக் குளிரிலேயே பிறந்து வளரும் உயிருக்குக் கீழே இருக்கிற வெக்கை பழக்கமே இல்லாதது. குளிர்நாட்டுப் பறவை ஒரே வருடத்தில் பனியையும் கோடையையும் பார்த்துவிடுகிறது, அதனால் அதற்குப் பள்ளத்தாக்கு அத்தனை பெரிய தடையாக இருப்பதில்லை. நம் மலைப் பறவைக்கோ சமவெளி என்பது கடல் மாதிரி.

பறவைக் காலில் வளையமிடப் பயிற்சி எடுத்துக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். மிஸ்ட் நெட் வலையிலிருந்து சோலைக்கிளியை முதன்முதலில் விடுவித்து எடுக்கும்போது கழுத்து உன் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருக்கும். உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால். எலுமிச்சம்பழத்தின் எடைகூட இராது. துடிப்பு இவ்வளவு வேகமாகவா இருக்கும் என்று பயந்துபோவாய். அந்தப் பயம் உனக்குக் கடைசிவரை இருக்க வேண்டும். மழை தூறினால் வலையைச் சுருட்டிவிடு, அன்றைக்கு எத்தனை பறவை பாக்கி என்று பார்க்காதே. பதிவு செய்த குரலைப் போட்டு இழுப்பதும் அப்படித்தான். கூடு கட்டும் மாதங்களில் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டால் அது இரை தேடுவதை விட்டுவிட்டு வந்து நிற்கும். சோலைப் பறவைகளில் பலவும் இரண்டே முட்டை இடுகிறவை, ஒரு கூடு வீணானாலும் இழப்பு பெரிது.

இனி என் தவறு. 1994இல் கொடைக்கானலுக்கு மேலே ஒரு சின்னச் சோலையில் மூன்று சோலைக்கிளிகளின் குரலைக் கேட்டு எழுதியிருந்தேன். பிறகு வேறு மலை, வேறு வேலை. 2008இல் திரும்பிப் போனேன். சுற்றியிருந்த புல்வெளியில் வாட்டில் மரம் அடைத்துக்கொண்டிருந்தது, நெட்டைக்காலி என்ற புல்வெளிக் குருவி இருந்த மேடே தெரியவில்லை. சோலை மட்டும் அப்படியே நின்றது. மூன்று நாள் காலையில் உட்கார்ந்தேன், ஒரு குரலும் இல்லை. அறைக்கு வந்து பழைய நோட்டைத் திறந்தேன். "சோலைக்கிளி போய்விட்டது" என்று எழுதும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று பார்க்கத்தான். அன்று எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு நேரம் நின்றேன், பாதையில் எந்த இடம், எதுவும் இல்லை. மூன்று என்ற எண் மட்டும் இருந்தது. அது பத்து நிமிடத்தில் கேட்ட மூன்றா, நாள் முழுக்கத் திரிந்து கேட்ட மூன்றா? அந்தச் சோலைக்காக யாரிடமும் போய்ப் பேச என் கையில் சான்று எதுவும் இல்லாமல் போயிற்று.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன். பெருவில் பான்டியாகொல்லா என்று ஒரு மலைமுகடு. 1985இல் ஜான் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற பறவை ஆய்வாளர் அடிவாரத்திலிருந்து உச்சிவரை பறவைகளைக் கணக்கெடுத்தார். 2017இல் பெஞ்சமின் ஃப்ரீமன் குழுவினர் அதே பாதையில், அதே முறையில் திரும்ப எடுத்தார்கள். காடு அழியவில்லை, வெப்பம் அரை டிகிரிகூட ஏறவில்லை. ஆனாலும் பறவைகள் மேலே நகர்ந்திருந்தன, முன்பு உச்சியருகே மட்டுமே இருந்த சில இனங்கள் அகப்படவே இல்லை. மேலே போக அவற்றுக்கு மலை மிச்சமில்லை. இன்று உலகமே மேற்கோள் காட்டுகிற இந்த முடிவு, முதலில் போனவர் எங்கே, எப்படி எண்ணினார் என்று எழுதி வைத்ததால் கிடைத்தது. அப்படி எழுதியபோது முப்பத்திரண்டு வருடம் கழித்து யாரோ வரப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா?

ஆகவே நிமிடத்தை எழுது. மேகத்தை, காற்றை எழுது. ஒரு பறவையும் கேட்காத காலையை, கேட்ட காலைகளைப் போலவே தேதியும் நேரமும் போட்டு எழுது. வெறும் பக்கம் என்று வெட்கப்பட்டு விட்டுவிடாதே. மை கரையும், பென்சிலில் எழுது. இரண்டு வருடத்தில் பத்துச் சோலை பார்க்க ஆசை வரும், நாலைந்தோடு நிறுத்திக்கொண்டு அவற்றுக்கே திரும்பத் திரும்பப் போ.

நீ போய்ச் சேர்ந்ததும் அந்தச் சின்னச் சோலைக்கு முதலில் போவாயா? பாதை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன், 1994ஆம் வருட நோட்டுப் பக்கத்தின் நகலும் இருக்கிறது. ஓடையைத் தாண்டி இடதுபுறம் ஒரு பெரிய காட்டுப்பூவரசு நிற்கும். விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும். அட்டைக்குக் காலுறை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் அக்கா