பொறியும் பண்ணும்

இசை உள்ளத்தில் பிறக்கிறது. பொறி ஆலையில் பிறக்கிறது. இவ்விரண்டும் எங்ஙனம் கூடும் என வினவுவோர் பலர். மின்னிசை என்ற சொல்லைக் கேட்ட அளவிலே முகம் சுளிக்கும் பெரியோர் உளர். மின்னிசை தவிர வேறிசை அறியாத இளைஞரும் உளர். இன்றோ, நான்கு சொற்களைத் தட்டெழுதினால் பாட்டொன்றைப் படைத்துத் தரும் கணிப்பொறிகளும் வந்துவிட்டன. ஆதலின் இவ்வினா முன்னினும் கூர்மை பெற்றுள்ளது.

இரு திறத்தாரும் பொறியையே பேசுகின்றனர். அதன் பின்னே நிற்கும் மனிதரை மறந்துவிடுகின்றனர். பொறி தானே பாடுவதில்லை. அதனைச் செய்தவர் ஒருவர். அதில் பண் இசைத்தவர் ஒருவர். செவி கொடுத்துக் கேட்டவர் ஒருவர். இம்மூவருள் ஒருவர் இல்லையெனினும் கலை வாழாது. ஜப்பானியக் கருவிகளைக் கொண்டு நம் நாட்டு இராகங்களை இசைத்த சரண்ஜித் சிங் என்னும் மும்பைக் கலைஞரின் வாழ்வு இதற்குச் சிறந்த சான்று. அதனை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

பொறி செய்தவர்

இக்குத்தாரோ ககெஹாஷி 1930ஆம் ஆண்டு ஜப்பானில் ஒசாகா நகரில் பிறந்தார். பேசக் கற்கும் பருவத்திலேயே தாய் தந்தையரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். போருக்குப் பின் கடிகாரம் பழுது பார்த்தும், வானொலிப் பெட்டி பழுது பார்த்தும் பிழைத்தார். காசநோய் அவரையும் விடவில்லை. சில ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்து மீண்டார். முறையாக இசை பயின்றவரல்லர். எனினும், இசை பயிலாதவனும் இன்புற்று இசைக்கத்தக்க கருவிகளைச் செய்யவேண்டும் என்ற வேட்கை அவரை உந்தியது. 1972இல் ரோலண்டு என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்நிறுவனம் 1980இல் டி.ஆர். 808 என்னும் தாளப் பொறியையும், அதனை அடுத்து டி.பி. 303 என்னும் சிறு பொறியையும் வெளியிட்டது. முன்னது முழவொலியை மின்சுற்றுகளாலேயே உண்டாக்குவது. பின்னது அடிச்சுரங்களை ஒலிப்பது. துணைக்கு ஆளின்றித் தனியே கிதார் பயில்வோருக்கெனச் செய்யப்பட்டது. இரண்டையும் கம்பியால் இணைத்துவிட்டால் ஒரே நடையில் ஓடும்.

இக்கருவிகளை உலகம் வரவேற்றதா? இல்லை. தாளப் பொறியின் ஒலி உண்மை முழவைப் போல் இல்லை என்றனர். சிறு பொறியின் ஒலி கிதாரைப் போல் இல்லை என்றனர். 1983இல் ஒன்றும், 1984இல் மற்றொன்றும் உற்பத்தி நின்றன. பழம்பொருள் கடைகளில் அவை மலிந்த விலைக்குக் கிடந்தன. போலியாக வந்தவை என்று ஒதுக்கப்பட்ட அவ்வொலிகளே, பிற்காலத்தில் புதிய இசையொன்றின் குரலாயின என்பது வியப்பன்றோ!

ககெஹாஷியின் பணி அத்துடன் நிற்கவில்லை. வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகளும் தம்முள் உரையாடுமாறு 1983இல் மிடி என்னும் பொது முறை உருவாயிற்று. அதற்காக அமெரிக்கரான டேவ் ஸ்மித்துடன் 2013இல் தொழில்நுட்பக் கிராமி விருதைப் பெற்றார். 2017இல் மறைந்தார்.

பண் இசைத்தவர்

சரண்ஜித் சிங் 1940இல் பிறந்தவர். மும்பையில் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிதாரும் மின்னிசைக் கருவிகளும் வாசித்தவர். சங்கர் - ஜெய்கிஷன், எஸ்.டி. பர்மன், ஆர்.டி. பர்மன், லட்சுமிகாந்த் - பியாரேலால் ஆகியோரின் பாடல்களில் அவர் கைவண்ணம் உண்டு. ஒரு காலத்தில் நாடெங்கும் ஒலித்த ‘தம் மாரோ தம்’ என்ற பாடலில், டிரான்சிகார்டு என்னும் கருவியை வாசித்தவர் அவரே. பாடியவர் பெயரை நாடறியும். இசையமைத்தவர் பெயரையும் நாடறியும். வாசித்தவர் பெயரை யார் அறிவார்? அவர் திருமண விருந்துகளிலும் தம் குழுவுடன் வாசித்து வந்தார். வயிறு வளர்க்க அது. உள்ளம் வளர்க்கவோ, புதிய கருவி எது வந்தாலும் வாங்கிப் பயின்றார்.

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தித் திரையெங்கும் டிஸ்கோ என்னும் ஆடலிசை நிறைந்திருந்தது. அந்த ஆடல் தாளத்தை வைத்துக்கொண்டு, அதன்மீது இராகங்களை இசைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். தபேலாவை விலக்கினார். ரோலண்டின் தாளப் பொறியையும், அடிச்சுரப் பொறியையும், ஜூபிடர் 8 என்னும் கட்டைக் கருவியையும் எடுத்துக்கொண்டார். ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற பெயரில் பத்து இராகங்கள் கொண்ட இசைத்தட்டு 1982இல் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா வாயிலாக வெளிவந்தது.

அப்பத்தும் இவை: பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக்மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. இவை வடநாட்டுப் பெயர்கள். நம் செவிக்குப் பழகிய பெயரால் சொன்னால் பூபாலி மோகனம் ஆகும், யமன் கல்யாணியை ஒக்கும், கலாவதி வலஜி, மால்கௌன்ஸ் இந்தோளம், பைராகி ரேவதி. மோகனத்தை, முல்லைத் தீம்பாணி எனப் பழந்தமிழர் வழங்கிய பண்ணோடு ஒன்றாக்கி உரைப்பர் இசையறிஞர். ஆகவே இவ்விசைத்தட்டு நமக்கு அயலானது அன்று.

பொறியில் பண் பாடுமா?

இங்கே ஒரு தடை எழலாம். கட்டைக் கருவியில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகளே உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்பது. நம் இசையின் உயிரோ கமகம்; ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குழைந்தும் அசைந்தும் செல்வது. கட்டைக்குக் கட்டை தாவும் பொறி எங்ஙனம் குழையும்?

விடை அச்சிறு பொறியிலேயே இருக்கிறது. டி.பி. 303இல் ஒரு சுரத்தை அடுத்த சுரத்தோடு வழுக்கிச் சேர்க்கும் வசதி உண்டு. ஒலியின் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும் திருகுகளும் உண்டு. இவை நம் இராகத்திற்கெனச் செய்யப்பட்டவையல்ல. எனினும் பண்ணின் நெளிவை அறிந்தவர் கையில் அவை பண்ணுக்கு உதவின. தாளப் பொறியோ ஒரு சுற்றைப் பதினாறு கூறாகப் பகுத்து ஓடுவது. வடநாட்டுத் தீன்தாளமும் பதினாறு மாத்திரை உடையது. இதுவும் தற்செயலே, ஆயினும் தற்செயலைப் பயன்கொள்ளத் தெரிந்தவனே கலைஞன்.

மேலும் நோக்குக. பத்து இராகங்களுள் குறைந்தது நான்கு, ஐந்து சுரங்கள் மட்டும் கொண்டவை. ஐஞ்சுரப் பண்ணைத் ‘திறம்’ என்பர் நம் முன்னோர். சுரம் குறைந்தவிடத்து ஒவ்வொரு சுரத்திற்கும் இடம் மிகும். மாறாத் தாளம் ஓயாது ஒலிக்கும்போதும் இராகத்தின் உருவம் மறையாது. இத்தேர்வு இராகம் அறியாதவரால் இயலுவதன்று. பொறி எத்தனை புதியதாயினும், அதனை ஆள்வதற்குப் பழைய கல்வி வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

குறையும் உண்டு, மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. இராகத்தை மெல்ல விரித்துச் செல்லும் ஆலாபனைக்கு இம்முறையில் இடம் சிறிது. தாளம் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. பத்துக்கும் ஒரே வகைத் துடிப்பு. இதனை இராகத்தின் முழு உருவம் என்று சொல்லிவிட முடியாது. இராகத்தைப் புதியதோர் ஒளியில் காட்டிய படம் எனலாம்.

கேட்டவர்

இத்துணை உழைப்பிற்குப் பின் விளைந்தது என்ன? இசைத்தட்டு விற்கவில்லை. இராகம் விரும்பியோர் இது டிஸ்கோ என்றனர் போலும். டிஸ்கோ விரும்பியோர் இது இராகம் என்றனர் போலும். அவர் மீண்டும் தம் அன்றாட வாசிப்புக்கே திரும்பினார்.

ஐந்தாண்டுகள் சென்றன. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக் கறுப்பின இளைஞர் சிலர், மலிந்த விலைக்குக் கிடைத்த அதே டி.பி. 303ஐ எடுத்துத் திருகுகளை மனம்போல் திருகினர். பியூச்சர் என்ற அக்குழுவினரின் ‘ஆசிட் டிராக்ஸ்’ 1987இல் வெளிவந்தது. இசைத்தட்டுகளைச் சுழற்றி ஒன்றோடொன்று இயைத்து ஆடுவோர்க்கு விருந்தளிப்பவரை டி.ஜே. என்கிறோமல்லவா? அத்தகையோர் அதனை மன்றந்தோறும் ஒலிக்கச் செய்தனர். ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் இசைவகை கடல் கடந்து பரவியது.

மும்பைத் தட்டோ உறங்கிக்கொண்டிருந்தது. 2002இல் எடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் தில்லிக் கடையொன்றில் அதனைக் கண்டெடுத்தார். கேட்டார், திகைத்தார். கலைஞரைத் தேடி மும்பைக்கு வந்தார். 2010இல் அதனை மறுபதிப்பாக வெளியிட்டார். இது பழைய தட்டன்று, யாரோ செய்த பொய் என்று ஐயுற்றவர்களும் உண்டு! எழுபது வயதைக் கடந்த சரண்ஜித் சிங் அதன் பின்னர் ஐரோப்பிய மேடைகளில் அவ்விராகங்களை வாசித்தார். பேரக் குழந்தைகளின் வயதினர் அவர் முன் ஆடினர். 2015 சூலை 5ஆம் நாள் மறைந்தார். இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்து, ஐந்தாண்டு புகழ் நுகர்ந்தார்.

இவரை ஆசிட் ஹவுஸின் தந்தை என்று பட்டம் சூட்டுவோர் உளர். எல்லாம் நம்மிடமிருந்தே சென்றன என்று கூறி மகிழ்வதில் நமக்கு ஓர் ஆசை. அவ்வாசைக்கு இடம் கொடுத்தல் ஆகாது. சிகாகோ இளைஞர் அவர் தட்டிலிருந்து கற்றதாகச் சான்றில்லை. ஒரே பொறி இருவேறு நிலத்தில் இருவேறு பயிரை விளைத்தது என்பதே முறை. தந்தை எனின் மக்கள் வேண்டும். கேட்பார் இன்மையால் அவ்விசைக்கு மக்கள் பிறக்கவில்லை. முந்தியவர் என்ற பெருமையை அவருக்கு அளிப்போம். அவரைக் கேளாதிருந்த சிறுமையை நாம் ஏற்போம்.

இதனோடு மற்றொரு வாழ்வை ஒப்பிடுக. ஏ.ஆர். ரகுமான் 1967இல் சென்னையில் பிறந்தார். இசையமைப்பாளரான தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தார். தந்தையின் கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பள்ளிப் பருவத்திலேயே அவர் பிறர் குழுக்களில் கட்டைக் கருவி வாசித்தார். சரண்ஜித் சிங்கைப் போலவே கூலிக்கு வாசித்த கை அது. ஆயினும் 1989இல் தம் வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. தேசிய விருது வந்தது. 2009இல் இரண்டு ஆஸ்கர் விருதுகள் வந்தன. திறமை இருவருக்கும் உண்டு; பொறியும் இருவருக்கும் உண்டு. ஒருவருக்குத் தம் சொந்தக் கூடமும், திரைப்படம் கொணர்ந்த கேட்போரும் வாய்த்தன, மற்றவருக்கு வாய்க்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

நம் கடமை

நான் வாழும் ஸ்ரீராம்புரம், பெங்களூரில் தமிழர் நெருங்கி வாழும் பகுதிகளுள் ஒன்று. அம்மன் திருவிழாவில் ஒரு பக்கம் பம்பையும் பறையும் முழங்கும். மறுபக்கம் மேடை கட்டி இன்னிசைக் கச்சேரி நடக்கும். மேடையில் கீபோர்டு ஒன்று நிற்கும்; பக்கத்தில் ‘பேட்’ ஒன்று நிற்கும். அந்தப் பேடு, ரோலண்டு நிறுவனம் 1985இல் முதன்முதல் வெளியிட்ட ஆக்டோபேடின் வழிவந்தது. தவிலும் தபேலாவும் உருமியும் அதன் எட்டுத் தட்டுகளில் அடங்கிக் கிடக்கும். ககெஹாஷியின் கைவினை நம் தெருவரை வந்துவிட்டது காண்க!

அதனை வாசிப்பவர் யார்? பகலில் வேறு தொழில் செய்து, இரவில் வாசிப்போர் அவருள் பலர். மேடை அறிவிப்பில் பாடகர் பெயர் வரும். வாழ்த்தும் பிரமுகர் பெயர்களும் வரும். பேடு வாசித்தவர் பெயர் வருவதில்லை. அவருள் ஒரு சரண்ஜித் சிங் இல்லையென்று யார் உறுதி கூற முடியும்? அவரைக் கண்டெடுக்க ஆம்ஸ்டர்டாமிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ ஒருவர் வரும்வரை நாம் காத்திருப்பதா?

மாணவ நண்பர்களே! நம் மன்றம் எளிதில் செய்யக்கூடிய பணிகள் இரண்டு உண்டு. அடுத்த விழா அழைப்பிதழில் கருவி வாசிப்போர் ஒவ்வொருவர் பெயரையும் அச்சிடுவோம், இது முதற்பணி. நம் பகுதிக் கலைஞரின் வாசிப்பை, நாள், இடம், கருவி, வாசித்தவர் பெயர் என்னும் குறிப்புகளுடன், அவர்தம் இசைவு பெற்று ஒலிப்பதிவு செய்து மன்ற நூலகத்தில் காப்போம். இது இரண்டாம் பணி. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நம் சட்டைப்பையில் உறங்கும் தொலைபேசியே போதும்.

இசைக் கருவி பயிலும் தோழர்களுக்கும் ஒரு சொல். புதிய பொறியைக் கண்டு அஞ்சற்க. அதனைக் கொண்டே நிறைவடையவும் வேண்டா. ஒரு மோகனத்தையேனும் ஆசிரியரிடம் அமர்ந்து பாடிப் பழகுங்கள். பின்னர்ப் பொறியைத் தொடுங்கள். பண் அறிந்த விரலுக்குப் பொறி பணியும். மற்றையோர் செய்யவேண்டுவது இன்னும் எளிது: உயிரோடிருக்கும்போதே கேளுங்கள், கேட்டதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.