பழைய பதிப்புக்கும் புரியும்படி எழுதுங்கள்

மைசூர் ஹெப்பாளில் மென்பொருள் பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்றை இங்கே விளக்குகிறேன்.

சர்வரில் உள்ள மென்பொருளைப் புதுப்பிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறோம். அது ஓடத் தொடங்குவது பழைய பதிப்பில்தான். ஆகவே பழைய இலக்கணத்திலேயே அது இருக்க வேண்டும்.

2014-இல் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்தது பைத்தான் 2.7. அதில் 2016-இல் பைத்தான் 3.6-உடன் வந்த எஃப்-ஸ்டிரிங்கை எழுதினால் இலக்கணப் பிழை. "முதல் வரியிலேயே பதிப்பைச் சோதித்தால் போதாதா ஐயா?" என்றார் ஒரு தம்பி. போதாது. கோப்பு முழுவதையும் படித்த பிறகே பைத்தான் முதல் வரியைச் செயல்படுத்தும். நூறாவது வரியில் இலக்கணம் பிசகினால் சோதனை நடக்கவே நடக்காது. சோதனையைத் தனிக் கோப்பில் வைத்து, அது தேறினால் மட்டுமே மற்றதை அழைக்க வேண்டும்.

பிழையென்று சொல்லி நிற்பதாவது பரவாயில்லை. சொல்லாமல் கெடுப்பதுதான் பேராபத்து. யூடிஎஃப்-8 கோப்பிலுள்ள 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் பைத்தான் 2-இல் 15, அதாவது பைட்டுகள். பைத்தான் 3-இல் 5. நாம் எண்ணினாலோ மூன்றே எழுத்து! உறுப்பினர் பெயர்களை 20 இடத்துக்குள் வெட்டும் ஸ்கிரிப்ட் பழைய பதிப்பில் ஓடினால், ஏழாவது குறியை நடுவே துண்டித்துவிடும். யாருடைய பெயர் சிதைந்தது என்று எந்தச் செய்தியும் வராது.

கோப்பை ஐஓ.ஓப்பன் கொண்டு, யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்தால் இரு பதிப்பிலும் 5 என்றே வரும். முதலில் பட்டியலின் நகலில் ஓட்டிப் பாருங்கள்.