உப்பு மண்ணில் மரம்: எரு செய்வதும் செய்யாததும்

மாசாயில் குடியிருப்போருக்கு உப்பு நீர் தொலைவில் இல்லை. தெற்கே ஜொகூர் நீரிணை. கடல் ஏறும்போது சிற்றாறுகளின் வழியே உவர்நீரும் உள்ளே ஏறும். அப்படிப்பட்ட தாழ்நிலம் ஒன்றில் என் மாமா மூன்று முறை மாங்கன்று நட்டார். மூன்றும் இலையோரம் கருகிப் பட்டுப்போயின. "தம்பி, நாலு மூட்டை சாணம் கொட்டினா உப்பு போயிடுமா?" என்று கேட்டார். தாவரவியல் படிக்கும் மாணவர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

போகாது. சாணம் உப்பைத் தின்பதில்லை. உப்பை வெளியேற்றுவது நீர். அந்த நீருக்கு வழி திறந்து விடுவதுதான் எரு.

உப்பு இரண்டு வகையில் மரத்தை வதைக்கிறது. மண்நீரில் உப்பு மிகும்போது, ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. அடுத்து, சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடும். பிரிந்த துகள்கள் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். நீரும் காற்றும் இறங்கா. மக்கிய எரு இத்துகள்களை மீண்டும் சிறு கட்டிகளாகச் சேர்க்கிறது. துளைகள் திறக்கின்றன, மழை உப்பைக் கரைத்துக் கீழே கொண்டு செல்கிறது. மண்மேல் பரப்பிய மூடாக்கு இன்னொரு வேலை செய்கிறது: வெயிலில் நீர் ஆவியாகும்போது அடியிலுள்ள உப்பு மேலேறி வருவதைக் குறைக்கிறது.

இந்தியாவில் கர்னாலில் உள்ள, 1969இல் தொடங்கப்பட்ட மத்திய மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிலையம் களர் நிலத்தில் மரம் வளர்க்க ஒரு முறையைப் பரப்பியது. துளைப்பானால் கெட்டியான சுண்ணாம்புப் படிவத்தையும் தாண்டி ஆழமாகக் குழி தோண்டி, மண்ணோடு தொழுவுரமும் ஜிப்சமும் கலந்து நிரப்பிக் கன்று வைப்பார்கள். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். எரு அதற்குத் துணை நிற்கும். சீமைக்கருவேலும் தைலமரமும் இவ்வாறு வளர்க்கப்பட்டன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் நம்மாழ்வாரும் இயற்கை உழவர்களும் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருவாயில் மடக்கி உழுது, வயல்களை மீட்கப் பாடுபட்டனர். 2005இல் வடகிழக்குப் பருவமழையும் கொட்டித் தீர்த்தது. பசுந்தாளுக்கு எவ்வளவு பங்கு, மழைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். என் பார்வையில் அப்படிப் பிரிக்கவும் வேண்டியதில்லை. ஒன்றில்லாமல் மற்றொன்று பாதி வேலையே செய்யும்.

கர்னால் முறையை அப்படியே மாசாய்க்குக் கொண்டுவரலாமா? கூடாது என்பேன். அங்கே வறட்சி, இங்கே மழைக்குப் பஞ்சமில்லை, வடிகாலுக்குத்தான் பஞ்சம். அதைவிடப் பெரிய சிக்கல், சதுப்புநிலக் காடாக இருந்த சேற்றின் அடியில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கக்கூடும். நீருக்குள் இருக்கும்வரை அது சாது. ஆழமாகத் தோண்டிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். வெட்டியெடுத்த சேறு காய்ந்ததும் வெளிர்மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் ஐயம் கொள்ளுங்கள். அங்கே ஜிப்சம் அமிலத்தைப் போக்காது, சுண்ணாம்புதான் தேவை.

ஆகவே இங்கே குழியைவிட மேடே நல்லது. நல்ல மேல்மண்ணையும் மக்கிய எருவையும் கலந்து மேடு கட்டி, அதன்மேல் நட்டு, சுற்றிலும் நீர் வடிய வாய்க்கால் விட வேண்டும். மூடாக்குக்கு நம் நாட்டில் அலைய வேண்டியதில்லை. ஆலையில் 100 கிலோ செம்பனைக் குலையைப் பிழிந்தால் ஏறத்தாழ 22 கிலோ வெற்றுக்குலை மிஞ்சும். அதில் பொட்டாசியமும் நிறைய உண்டு. தண்டை ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் பரப்புங்கள். மரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மா உப்புக்கு எளிதில் தோற்கும், தென்னை ஓரளவு தாங்கும்.

கோழி எருவில் மட்டும் கவனம் தேவை. மக்காத கோழி எருவிலேயே உப்பு அதிகம். அதை இளங்கன்றின் அடியில் கைநிறைய அள்ளிப் போட்டால், ஆற்றுநீர் ஏறாத மேட்டிலும் இலையோரம் கருகும். பல மாதங்கள் மக்கவைத்து, மழை விழும் பருவத்தில் கொஞ்சமாகப் போடலாம்.