கோப்பியிலையின் அடிப்புறத்தை நுணுக்குக்காட்டியிற் காணல்

1869ஆம் ஆண்டில் ஊவாப் பகுதியின் மடுல்சீமையில், கோப்பியிலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் அதிபர் துவேற்ஸ் அத்தகைய இலைகளை இங்கிலாந்திலிருந்த பங்கசு அறிஞர் பேர்க்கிலிக்கு அனுப்பினார். அந்நோய்க்கு அவ்வாண்டிலேயே ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பெயர் இடப்பட்டது. முன்சொல் அரைவாசி வழவழப்பானது என்பதையும், பின்சொல் பாழாக்குவது என்பதையும் குறிக்கும். இரண்டும் பொருத்தமே.

முன்சொல்லின் பொருத்தத்தைப் பாடசாலை நுணுக்குக்காட்டியிலேயே கண்டுகொள்ளலாம். துருநோய்ப் புள்ளியிலிருந்து சிறிது தூளை ஊசி முனையாலெடுத்துக் கண்ணாடித் தட்டிலுள்ள நீர்த்துளியில் இட்டு, மெல்லிய மூடுகண்ணாடியைச் சாய்வாக இறக்கவேண்டும். நேராக வைத்தால் காற்றுக் குமிழிகள் அகப்படும். புதியவர் பலர் குமிழியையே கலமென்று வரைந்துவிடுவர். நானூறு மடங்கு உருப்பெருக்கத்தில் வித்திகள் சிறுநீரக வடிவிற் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்களவினது. வளைந்த முதுகில் முட்கள் உண்டு, மறுபுறம் வழவழப்பானது.

அடுத்து, நோயற்ற இலையின் அடிப்புறத்தைச் சவர அலகினால் இயன்றவரை மெல்லியதாகச் சீவி நோக்குக. கோப்பியிலை தடித்ததாகையால் முதற் சீவல்கள் பெரும்பாலும் பயன்படா. மேற்றோற் கலங்களுக்கிடையே, இரு காவற்கலங்கள் உதடுகள்போல் அணைத்து நிற்கும் இலைவாய்கள் புலப்படும். இலையின் மேற்புறத்துச் சீவலில் இவை இல்லை. நோய் அடிப்புறத்திலேயே தூளாக வெளிப்படுவதற்குக் காரணம் இதுவே.

1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவரவியலாளர் இவ்வாயில்களின் பங்கை விளக்கினார். காற்றில் வரும் வித்தி, இலையில் நீர் படிந்திருக்கும்போது முளைத்து, நுண்குழாயை நீட்டி இலைவாய் வழியே உட்புகுகிறது. உள்ளே கலங்களினின்று உணவை உறிஞ்சி வளர்ந்து, சில வாரங்களில் மீண்டும் இலைவாய் வழியே புதிய வித்திக் கொத்துக்களை வெளித்தள்ளுகிறது. புதிய தூளை நீர்த்துளியிலிட்டு, உலராதபடி மூடி, ஓரிரவு இருளில் வைத்தால், காலையில் சில வித்திகளிலாவது அக்குழாயைக் காணலாம்.

பங்கசு உட்புகுமுன்னரே இலையைக் காக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் அக்காலத் தோட்டங்களுக்கு இவ்வறிவு காலந்தாழ்ந்தே கிடைத்தது. செம்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை பிரான்சில் வெளியிடப்பட்டது 1885இல். அதற்குள் கோப்பி பெரும்பாலும் அழிந்து, மலைச்சரிவுகளில் தேயிலை ஏறத்தொடங்கியிருந்தது. கோப்பியை நம்பித் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரிற் பலர் பிழைப்பிழந்தனர்.

பதுளைப் பகுதியின் வீட்டுத் தோட்டங்களில் இன்றும் கோப்பி உண்டு. செம்பு மருந்து தெளிப்போர் இலையின் மேற்புறம் நனைந்தவுடன் நிறுத்திவிடுகின்றனர். தெளிகருவியின் வாயைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து, அடிப்புறம் முழுதும் நனையுமாறு, மழை தொடங்குமுன் தெளித்தல் வேண்டும்.