அலையாத்திக் காடும் கரியமிலவாயுவும்

காவிரி நீர் கடலில் சேர்ந்தால் அது வீண் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாசனத்திற்குத் தட்டுப்பாடு நேரும் ஆண்டுகளில் இவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் ஆறு கடலைத் தொடும் இடத்தில், அந்நீரைக் கொண்டு வாழும் காடு ஒன்று உண்டு. அதன் பயனைக் கடைமடைப் பகுதியின் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

காடு அமைந்துள்ள இடம்

நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. வழியிலுள்ள வயல்களுக்குப் பாய்ந்த பின், இவை முத்துப்பேட்டைக்குத் தெற்கே கடலோரக் காயலை அடைகின்றன. பழைய தஞ்சை மாவட்டத்தில் இருந்த இவ்விடம் இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள காட்டில் பெரும்பாலானவை அலையாத்தி மரங்கள். தில்லையும் நரிக்கண்டலும் இடையிடையே உள்ளன. அலையாத்தியின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து முளைகள் போல் மேலே நீட்டி நின்று, காற்றைப் பெறுகின்றன.

சேறே களஞ்சியம்

மரங்கள் யாவும் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று, அதிலுள்ள கரியைத் தண்டாகவும் இலையாகவும் வேராகவும் மாற்றிக்கொள்கின்றன. மேட்டு நிலத்தில் விழும் சருகு விரைவில் மக்கி, அக்கரியின் பெரும்பகுதி மீண்டும் காற்றில் கலந்துவிடுகிறது. அலையாத்திக் காட்டிலோ சருகும் வேரும் கடல் நீர் ஏறி இறங்கும் சேற்றில் புதைகின்றன. அங்குப் பிராணவாயு மிகக் குறைவாதலால் அவை மக்குவது அரிது. ஆறு கொணரும் வண்டல் அவற்றின்மேல் படலம் படலமாகப் படிகிறது. ஆகவே கரி நூற்றாண்டுக்கணக்கில் மண்ணுக்குள் தங்கிவிடுகிறது.

இந்து, பசிபிக் மாக்கடல் பகுதிகளில் இத்தகைய 25 காடுகளை ஆராய்ந்து, 2011ஆம் ஆண்டில் அறிஞர்கள் முடிவுகளை வெளியிட்டனர். ஹெக்டேருக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,000 டன் கரி இருந்ததாகவும், அதில் பெரும்பகுதி மண்ணிலேயே இருந்ததாகவும் கண்டனர். இந்த அளவு இடத்திற்கு இடம் மாறும்.

நெல் வயலிலும் சேறு உண்டே என்று கேட்கலாம். நன்னீர்ச் சேற்றில் சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகும் மீத்தேன் வாயு மிகுதியாக உண்டாகிறது. கடல் நீரிலுள்ள சல்பேட் உப்பு அதனைப் பெரிதும் தடுக்கிறது. உவர்ச் சேற்றின் சிறப்பு இதுவாகும்.

காட்டை அழித்துக் குளம் வெட்டினால் அச்சேற்றில் காற்றுப் புகும். அப்போது ஒரு டன் கரி, ஏறக்குறைய 3.67 டன் கரியமிலவாயுவாக மாறி வெளியேறும். பல தலைமுறைகளில் சேர்ந்த இருப்பு சில ஆண்டுகளிலேயே கரைந்துபோகும்.

அழிவும் சீரமைப்பும்

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இக்காடு பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டப்பட்டது. வெயில் பட்ட மண் ஈரம் இழந்து தாழ்ந்து, தொட்டி போலாயிற்று. அதில் புகுந்த கடல் நீர் வடிய வழியின்றித் தேங்கி வற்றியது. உப்பு மிகுந்து கன்றுகள் முளைக்கவில்லை.

வடிகால் இல்லாத வயலில் நாற்று நட்டுப் பயனில்லை என்பதை உழவர் அறிவர். அதே அறிவே இங்கும் உதவியது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களுடன் சேர்ந்து, மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. நடுவே தலை வாய்க்காலும் இருபுறமும் சாய்வான கிளை வாய்க்கால்களும் அமைந்தன. கடல் நீர் தடையின்றி வந்து திரும்பியதால் உப்பு தணிந்தது. கரையில் நட்ட அலையாத்திக் கன்றுகள் வேரூன்றின.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல் இக்காட்டைப் பெரிதும் சேதப்படுத்தியது. அலையின் வேகத்தைத் தணிப்பதும், இறாலுக்கும் நண்டுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் புகலிடமாவதும் இக்காடே. ஆதலால் இதனைப் பேணுவது கரையோர மக்களின் பிழைப்பைப் பேணுவதும் ஆகும்.

நாம் செய்யத்தக்கவை

1. மழைக்காலத்திற்கு முன் வடிகால்களைத் தூர் வாரி, வெள்ள நீரும் வண்டலும் காயலை அடையச் செய்தல் வேண்டும். வயலில் நீர் தேங்காதிருக்கவும் இதுவே வழி.

2. காட்டினுள் வெட்டிய வாய்க்கால்கள் வண்டலால் தூர்ந்துபோகும். வனத்துறையின் இசைவுடன் அவற்றைப் பழுது பார்க்க வேண்டும்.

3. புதிதாகக் கன்று நடுமுன், கடல் நீர் வந்து செல்லும் வழியைச் சரிசெய்தல் வேண்டும்.

4. இறால் பண்ணைக் கழிவு நீரும் ஊர்க் குப்பையும் வாய்க்கால்களில் கலவாதபடி காத்தல் வேண்டும். காட்டு நிலத்தில் ஆக்கிரமிப்பு நேர்ந்தால் கிராம சபையில் எடுத்துரைத்தல் வேண்டும்.

பாசனத் தேவை முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடலை அடையும் நீர் அனைத்தும் வீணன்று. அதில் ஒரு பங்கு அலையாத்தியை வளர்க்கிறது. அலையாத்தி நம் கரையைக் காக்கிறது. நெல்லுக்கு நீர் பங்கிடும் நாம், இக்காட்டிற்கும் உரிய பங்கை மறவாதிருப்போமாக.